3 முயற்சிகள், 11 ஆண்டுகள், ஒரே சாஃப்ட்வேர்: எஃப்.பி.ஐ. எங்கே சறுக்கியது, எப்படி முடித்தது?

*வாட்டர்ஃபால், அஜைல், ஸ்க்ரம், ஸ்பிரின்ட்... ஐ.டி. அலுவலகங்களில் தினமும் காதில் விழும் வார்த்தைகள். ஒரு கணினி அமைப்பைத் திட்டமிடும் முறை மாறினால் உண்மையிலேயே என்ன மாறும்? இதற்குப் பதில் சொல்ல அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் கதையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.*

2012 ஜூலை 1 அன்று, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யில் 'சென்டினல்' என்ற கணினி அமைப்பு முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. வழக்குக் கோப்புகளைக் காகிதத்தில் இருந்து கணினிக்கு மாற்றுவதுதான் அதன் வேலை. கேட்டால் ரொம்பச் சாதாரணமாகத் தெரியும்.

ஆனால் இந்த இடத்துக்கு வந்து சேர எஃப்.பி.ஐ.க்கு 11 ஆண்டுகள் ஆனது. முதல் முயற்சியில் சுமார் 17 கோடி டாலர் செலவானது. கிடைத்த மென்பொருளை நாடு முழுக்க ஒரு நாள்கூட ஓட்டவில்லை. இரண்டாவது முயற்சி, ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி கரைந்த பிறகு பாதியில் நிறுத்தப்பட்டது. மூன்றாவது முறை, மிகச் சிறிய குழு ஒன்று அலுவலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து வேலையை முடித்தது.

மூன்று முறையும் அதே அமைப்பு, அதே தேவை, அதே பயனாளிகள். மாறியவற்றில் முக்கியமானது, வேலையைத் திட்டமிட்டுச் செய்த முறை. அதனால்தான் தகவல் அமைப்புகளை எப்படி உருவாக்குவது என்று படிப்பவர்களுக்கு இது ஒரு பாடமாகவே ஆகிவிட்டது.

எஃப்.பி.ஐ.க்கு அப்படி என்ன தேவைப்பட்டது?

எஃப்.பி.ஐ.யின் உயிர்நாடி வழக்குக் கோப்பு. யாரை விசாரித்தார்கள், என்ன சொன்னார்கள், என்ன ஆதாரம் கிடைத்தது என எல்லாமே படிவங்களாக அதில் சேரும். 1995-ல் இதற்காக 'ஆட்டோமேட்டட் கேஸ் சப்போர்ட்' என்ற கணினி அமைப்பைக் கொண்டுவந்தார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. மவுஸ் கிடையாது. ஒரு தகவலைப் பதிவு செய்யவே பல திரைகளைத் தாண்ட வேண்டும். வந்த நாளிலேயே அது பழைய தொழில்நுட்பம்தான்.

அதனால் அதிகாரபூர்வ ஆவணம் காகிதமாகவே தொடர்ந்தது. ஏஜென்ட் அறிக்கையைத் தயார் செய்வார், பிரின்ட் எடுப்பார், மேலதிகாரி கையெழுத்துப் போடுவார், அது கோப்பில் போய்ச் சேரும். கணினியில் ஏற்றுவது அதற்குப் பிறகு வரும் கூடுதல் வேலை. தேடுவதும் சிரமம் என்பதால் பல ஏஜென்ட்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

இதன் விலை 2001-ல் தெரிந்தது. அந்த ஆண்டு ஜூலை மாதம், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் அலுவலகத்தில் இருந்து ஓர் ஏஜென்ட் தலைமையகத்துக்குக் குறிப்பு அனுப்பினார். சந்தேகத்துக்குரிய சிலர் விமானப் பயிற்சிப் பள்ளிகளில் சேர்கிறார்கள், நாடு முழுக்க இதை விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பு அமைப்புக்குள்தான் இருந்தது. ஆனால் பார்த்திருக்க வேண்டிய உயரதிகாரிகள் பலர் செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்பு அதைப் பார்க்கவே இல்லை. தாக்குதலுக்குப் பிறகோ, சந்தேக நபர்களின் புகைப்படங்களை மின்னஞ்சலில் அனுப்ப வசதி இல்லாமல் கூரியரில் அனுப்ப வேண்டிய நிலை.

ஒரு நல்ல மென்பொருள் இருந்திருந்தால் தாக்குதலைத் தடுத்திருக்கலாம் என்று சொல்லிவிட முடியாது. அங்கே மனிதத் தவறுகளும் துறைகளுக்கு இடையிலான இடைவெளிகளும் இருந்தன. ஆனாலும் தன்னிடம் இருக்கும் தகவல் தனக்கே தெரியாத நிலையில் ஒரு புலனாய்வு அமைப்பு இருந்தது என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

சரி, மெத்தடாலஜின்னா என்ன?

எந்தத் தகவல் அமைப்பாக இருந்தாலும் அடிப்படை வேலைகள் ஒன்றுதான். என்ன தேவை என்று கேட்க வேண்டும். வடிவமைக்க வேண்டும். கோடிங் எழுத வேண்டும். சோதிக்க வேண்டும். பயனாளி கையில் கொடுக்க வேண்டும். அதன் பிறகு பராமரிக்க வேண்டும்.

இந்த வேலைகளை எந்த வரிசையில், எத்தனை தடவை, யார் முடிவெடுத்துச் செய்வது என்பதைத் தீர்மானிப்பதுதான் மெத்தடாலஜி, அதாவது செயல்முறை.

தையல் கடையை நினைத்துப் பாருங்கள். ஒரு கடையில் ஒரே தடவை அளவெடுத்து, கல்யாணத்தன்று காலையில் பிளவுஸைக் கையில் கொடுப்பார்கள். இன்னொரு கடையில் நடுவில் ஒரு ட்ரையல் பார்க்கக் கூப்பிடுவார்கள். தையல்காரர் இருவருமே திறமைசாலிகளாக இருக்கலாம். ஆனால் அளவு தப்பாக இருந்தால் அது எப்போது தெரியவரும் என்பதில்தான் வித்தியாசம். முதல் கடையில் தெரியவரும்போது சரிசெய்ய நேரம் இருக்காது.

மெத்தடாலஜி பற்றிய இத்தனை ஆண்டு விவாதத்தின் மையமும் இந்தக் கேள்விதான்: நாம் தப்பு செய்கிறோம் என்பது எப்போது நமக்குத் தெரியவரும்?

வாட்டர்ஃபால் எங்கிருந்து வந்தது?

படிப்படியாகக் கீழே இறங்கும் அருவி போல ஒரு கட்டம் முழுசா முடிந்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போவது வாட்டர்ஃபால் முறை. முதலில் மொத்தத் தேவையும் எழுத்தில் வந்துவிட வேண்டும். பிறகு மொத்த வடிவமைப்பு. பிறகு மொத்த கோடிங். கடைசியில் சோதனை.

இந்தப் படத்தைப் பிரபலமாக்கியது 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் பொறியாளர் எழுதிய ஆய்வுக் கட்டுரை. வேடிக்கை என்னவென்றால், அவர் அந்தப் படத்தை வரைந்ததே, அப்படியே கடைப்பிடித்தால் ஆபத்து என்று சொல்லத்தான். கடைசியில் சோதிக்கும்போது பெரிய பிழை தெரிந்தால், வடிவமைப்பு வரை திரும்பிப் போக வேண்டிவரும் என்று எச்சரித்தார். முதலில் ஒரு சோதனைப் பதிப்பைச் செய்து பாருங்கள், வாடிக்கையாளரைத் தொடர்ந்து ஈடுபடுத்துங்கள் என்றும் எழுதினார். 'வாட்டர்ஃபால்' என்ற பெயரைக்கூட அவர் வைக்கவில்லை.

படம் எளிமையாக இருந்தது, நிலைத்துவிட்டது. எச்சரிக்கை காணாமல் போனது. ஒப்பந்தம் போடுபவர்களுக்கும் இந்த முறை வசதி. எல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருக்கும், கட்டம் கட்டமாகக் கையெழுத்து வாங்கலாம். 1985-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட மென்பொருள் தரவிதிகளும் நடைமுறையில் இந்தப் பாணிக்கே வழிவகுத்தன.

எல்லோரும் அதையே பின்பற்றினார்கள் என்றும் இல்லை. பாரி போஹம் 1986-ல் 'ஸ்பைரல்' முறையை முன்வைத்தார். எது மிகப் பெரிய ஆபத்தோ அதை முதலில் செய்து பார், தெரிந்துகொண்டதை வைத்து அடுத்த சுற்றைத் திட்டமிடு என்பது அதன் அடிப்படை. ஆனாலும் பெரிய அரசு ஒப்பந்தங்களில் 'முதலில் எல்லாவற்றையும் எழுது' என்ற பழக்கம் போகவில்லை.

முதல் முயற்சி: 800 பக்கத் தேவைகள்

எஃப்.பி.ஐ.யைக் கணினிமயமாக்க 'ட்ரிலஜி' என்ற திட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 2000 இறுதியில் சுமார் 38 கோடி டாலர் ஒதுக்கியது. புதிய கணினிகள், புதிய நெட்வொர்க், புதிய மென்பொருள் என மூன்று பகுதிகள். முதல் இரண்டும் தாமதமாகவும் கூடுதல் செலவிலும் 2004-ல் முடிந்துவிட்டன. மென்பொருள்தான் மூழ்கியது.

அதன் பெயர் 'விர்ச்சுவல் கேஸ் ஃபைல்', சுருக்கமாக வி.சி.எஃப். 2001 ஜூனில் எஸ்.ஏ.ஐ.சி. நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. பழைய அமைப்புக்கு மேலே பார்க்க வசதியான ஒரு முகப்பை ஒட்டுவதுதான் அப்போதைய திட்டம். மூன்று மாதத்தில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. இப்போது முகப்பு மட்டும் போதாது, அமைப்பையே புதிதாகக் கட்ட வேண்டும் என்று இலக்கு மாறியது. அவசரமும் கூடியது.

2002-ல் ஏஜென்ட்களும் பொறியாளர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து தேவைகளைப் பேசினார்கள். விளைவு, 800 பக்கங்களைத் தாண்டிய ஓர் ஆவணம். என்ன வேலை நடக்க வேண்டும் என்பதோடு நிற்காமல், திரையில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்பது வரை அதில் இறங்கிவிட்டார்கள்.

ஆனால் காகிதத்தில் எழுதியதைத் திரையில் பார்க்கும்போது மனசு மாறுவது இயல்பு. மாற்றக் கோரிக்கைகள் சுமார் 400 வரை போயின. வேகம் பிடிக்க, எஸ்.ஏ.ஐ.சி. தன் ஆட்களை எட்டுக் குழுக்களாகப் பிரித்து ஒரே நேரத்தில் வேலை செய்ய வைத்தது. எட்டுத் துண்டுகளையும் கடைசியில் இணைக்கும்போதுதான் சிக்கல் தெரிந்தது.

இதைவிட ஆபத்தான முடிவு ஒன்றும் இருந்தது. வெள்ளிக்கிழமை பழைய அமைப்பை அணைப்பது, திங்கட்கிழமை எல்லா அலுவலகங்களிலும் புதியதைத் தொடங்குவது. 'ஃபிளாஷ் கட்ஓவர்' என்பார்கள். புதியது சரியாக ஓடவில்லை என்றால் பழையதுக்குத் திரும்ப வழி இருக்காது. இந்த அணுகுமுறை பெரும் தோல்வியில் முடிய வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2004 மே மாதம் எச்சரித்தது.

அதற்கு முன்பே, 2003 டிசம்பரில் மென்பொருள் வந்து சேர்ந்திருந்தது. எஃப்.பி.ஐ. உடனே 17 குறைகளைச் சொல்லி ஏற்க மறுத்தது. தப்பு யார் பக்கம்? நடுவர் ஒருவர் பிரித்துப் பார்த்தார். 17 குறைகள் 59 பிரச்சினைகளாக விரிந்தன. அதில் 40, நிறுவனத்தின் பிழைகள். மீதி 19, எஃப்.பி.ஐ. நடுவில் மாற்றிய தேவைகள்.

2005 ஏப்ரலில் திட்டம் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது. சுமார் 7 லட்சம் வரி புரோகிராம் குப்பைக்குப் போனது. பயன்படாமல் போன வேலையின் மதிப்பு மட்டும் சுமார் 10.5 கோடி டாலர்.

ஆளாளுக்கு மாறிய நிர்வாகம்

பழியை மொத்தமாக வாட்டர்ஃபால் மீது போட்டுவிட முடியுமா? முடியாது.

அமெரிக்க நீதித் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 2005-ல் வெளியிட்ட தணிக்கை அறிக்கையில் வேறு விஷயங்களும் இருந்தன. 2001 நவம்பருக்குப் பிறகு இந்தத் திட்டத்தில் 15 முக்கிய ஐ.டி. நிர்வாகிகள் வந்து போயிருந்தார்கள். அதில் ஐந்து பேர் தலைமைத் தகவல் அதிகாரிகள். செலவு எவ்வளவோ அதைக் கொடுத்து, மேலே ஊக்கத்தொகையும் தரும் வகை ஒப்பந்தம். எந்தத் தேதிக்குள் எது முடிய வேண்டும், முடியாவிட்டால் என்ன அபராதம் என்பது அதில் தெளிவாக இல்லை.

இவை எல்லாம் நிர்வாகக் குறைகள். ஆனால் செயல்முறை அவற்றை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மறைத்து வைத்தது. காட்டுவதற்கு ஆவணங்கள் இருந்தன, கூட்டங்கள் நடந்தன, பில் வந்துகொண்டிருந்தது. ஓடும் மென்பொருள் மட்டும் கண்ணில் படவில்லை. கடைசியில் அது கையில் வந்தபோதுதான் உண்மை நிலவரம் தெரிந்தது. அப்போது பணமும் போய்விட்டது.

இரண்டாவது முயற்சி: நான்கு கட்டங்கள்

பாடம் கற்றுக்கொண்டுதான் அடுத்த முயற்சியைத் தொடங்கினார்கள். 2006 மார்ச் மாதம் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கு 'சென்டினல்' ஒப்பந்தம் கிடைத்தது. மொத்தத் திட்ட மதிப்பீடு 42.5 கோடி டாலர். 2009 டிசம்பரில் முடிக்க வேண்டும்.

இந்த முறை ஒரே நாளில் எல்லாம் மாறாது. வேலை நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பயனாளிகளுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக எழுதாமல், சந்தையில் ஏற்கெனவே கிடைக்கும் மென்பொருள்களை இணைத்துப் பயன்படுத்துவது என்றும் முடிவானது. கேட்கும்போது சரியாகத்தான் இருக்கு, இல்லையா?

முதல் கட்டம் 2007 ஜூனில் வந்தது. பழைய அமைப்பின் தகவல்களை வலைப்பக்கமாகக் காட்டும் முகப்பு அது. இரண்டாவது கட்டத்தில்தான் உண்மையான வேலை தொடங்கியது, தடுமாற்றமும் தொடங்கியது. முடியாத வேலைகள் அடுத்த கட்டத்துக்குத் தள்ளப்பட்டன. கட்டம் முடிந்ததாகக் கணக்கு காட்டினாலும் குறைகள் கூடவே நகர்ந்தன.

18 காகிதப் படிவங்களைக் கணினிக்கு மாற்ற வேண்டிய இடத்தில், 2010 வாக்கில் நான்கு படிவங்களே வந்திருந்தன. அந்த நான்கிலும் பிரின்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கும் வேலை முழுசா ஒழியவில்லை. 2010 ஜூலையில் எஃப்.பி.ஐ. வேலையை நிறுத்தச் சொன்னது.

ஆகஸ்ட் மாதக் கணக்குப்படி, 45.1 கோடி டாலராக உயர்ந்திருந்த பட்ஜெட்டில் 40.5 கோடி செலவாகிவிட்டது. நான்கு கட்டங்களில் இரண்டுதான் முடிந்திருந்தன. அதே பாதையில் தொடர்ந்தால் இன்னும் ஆறு ஆண்டுகளும் குறைந்தது 35.1 கோடி டாலரும் தேவைப்படும் என்று மைட்டர் என்ற சுயாதீன ஆய்வு அமைப்பு மதிப்பிட்டது.

கட்டம் கட்டமாகப் பிரித்தும் ஏன் இப்படி? ஒவ்வொரு கட்டமும் தனக்குள் ஒரு குட்டி வாட்டர்ஃபாலாகவே இருந்தது. ஒரு கட்டம் ஓராண்டுக்கு மேல் நீண்டால், தப்பு தெரியவரவும் அவ்வளவு காலம் ஆகும். பிரித்தார்கள், ஆனால் போதுமான அளவு சின்னதாகப் பிரிக்கவில்லை.

மூன்றாவது முயற்சி: இரண்டு வாரத்துக்கு ஒரு பரீட்சை

2001 பிப்ரவரியில் 17 மென்பொருள் நிபுணர்கள் யூட்டா மாகாணத்தின் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் கூடினார்கள். தடித்தடியான ஆவணங்களால் நசுங்கிய மென்பொருள் வேலைக்கு மாற்று தேடினார்கள். அங்கே பிறந்ததுதான் 'அஜைல் மேனிஃபெஸ்டோ'. விரிவான ஆவணத்தைவிட ஓடும் மென்பொருள் முக்கியம், திட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பதைவிட மாற்றத்துக்கு ஏற்ப நகர்வது முக்கியம் என்பவை அதில் உள்ள கருத்துகள். நான்கு மாதம் கழித்துத்தான் வி.சி.எஃப். ஒப்பந்தமே கையெழுத்தானது.

அஜைல் ஒரு சிந்தனைப் போக்கு. அதை நடைமுறைப்படுத்தும் வழிகளில் ஒன்று 'ஸ்க்ரம்'. 1995-ல் கென் ஸ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் இதை ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். ரக்பி விளையாட்டில் வீரர்கள் கூட்டமாகச் சேர்ந்து பந்துக்காக முட்டுவதற்குப் பெயர் ஸ்க்ரம். புதிய பொருள்களை உருவாக்கும் குழுக்களை ரக்பி அணியோடு ஒப்பிட்டு ஹிரோதாகா தாகேயுச்சி, இகுஜிரோ நொனாகா என்ற இரண்டு ஜப்பானிய அறிஞர்கள் 1986-ல் எழுதிய கட்டுரையில் இருந்து அந்தப் பெயர் வந்தது.

எஃப்.பி.ஐ.யின் தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்த சாட் ஃபல்கம், தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஜெஃப் ஜான்சன் இருவரும் வால் ஸ்ட்ரீட் வங்கித் துறையில் இருந்து வந்தவர்கள். 2010 இலையுதிர் காலத்தில் வேலையை எஃப்.பி.ஐ.யே நேரடியாக எடுத்துக்கொண்டது. சுமார் 220 ஆக இருந்த ஒப்பந்த ஊழியர் எண்ணிக்கையை 40 அளவுக்குக் குறைப்பது என்றும், ஸ்க்ரம் முறைக்கு மாறுவது என்றும் முடிவானது.

நடைமுறையில் என்ன செய்தார்கள்?

*தேவைகள் சின்னதாயின.* மலைபோல் குவிந்திருந்த தேவைகள் 670 'யூசர் ஸ்டோரி'களாக மாற்றி எழுதப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு பயனாளி செய்ய வேண்டிய ஒரு வேலை. எது கஷ்டம், எது சுலபம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் தரப்பட்டன.

*கால எல்லை சுருங்கியது.* இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் எந்த ஸ்டோரிகளை எடுப்பது என்று குழுவே முடிவு செய்யும். முக்கியமானது முதலில்.

*முடிந்தது என்றால் முடிந்ததாக இருக்க வேண்டும்.* ஸ்பிரின்ட் முடிவில் ஓடும் மென்பொருளைக் காட்ட வேண்டும். எழுதி, சோதித்து முடித்தால்தான் கணக்கு. 90 சதவீதம் முடிந்துவிட்டது என்ற பேச்சுக்கு இடமில்லை, அந்த ஸ்டோரிக்குப் பூஜ்யம்தான்.

*பார்வையாளர்கள் இருந்தார்கள்.* செயல்விளக்கங்களை, மென்பொருளைப் பயன்படுத்தப் போகும் பிரிவுகளைச் சேர்ந்தவர்களும் பார்த்தார்கள். சரியில்லை என்றால் அடுத்த இரண்டு வாரத்தில் மாற்றலாம்.

இதனால் வேலை தாமதமே ஆகாமல் போய்விடவில்லை. 2011 செப்டம்பருக்குள் முடிப்பதுதான் திட்டம், அது நடக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் நூற்றுக்கணக்கான பயனாளிகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. கூட்டம் தாங்காமல் அமைப்பு இரண்டு முறை நின்றுபோனது. பழைய வன்பொருளின் திறன் போதவில்லை என்று எஃப்.பி.ஐ. முடிவுக்கு வந்து, புதியது வாங்கியது. தேதி தள்ளிப்போய், கடைசியில் 2012 ஜூலையில் சென்டினல் முழுமையாக வந்தது. மொத்தச் செலவு 45.1 கோடி டாலர் பட்ஜெட்டுக்குள் அடங்கியது.

இங்கேயும் பெரிய பிழை வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அமைப்பு இரண்டு முறை விழுந்தது. ஆனால் அது சோதனையில் விழுந்தது. அந்த நேரத்தில் பழைய அமைப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. வி.சி.எஃப். திட்டமிட்டபடி ஒரு திங்கட்கிழமை காலையில் நாடு முழுக்க விழுந்திருந்தால்?

அப்போ அஜைல்தான் எல்லாத்துக்கும் மருந்தா?

அப்படிச் சொன்னால் இந்தக் கதையைத் தப்பாகப் புரிந்துகொள்வதாக ஆகிவிடும். இதில் சில விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மூன்றாவது குழு வெறும் தரையில் இருந்து தொடங்கவில்லை. எஃப்.பி.ஐ.க்கு என்ன தேவை என்பதை இரண்டு தோல்விகளும் விலை கொடுத்துச் சொல்லித் தந்திருந்தன. முந்தைய கட்டங்களில் செய்த வேலையும் கையில் இருந்தது.

இரண்டு, முடிவெடுக்கும் அதிகாரம் ஒரே கூரைக்குள் வந்தது. 15 நிர்வாகிகள் மாறிமாறி வந்த முதல் திட்டத்தோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

மூன்று, வந்து சேர்ந்த சென்டினலும் குறையில்லாதது அல்ல. 2014-ல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் எடுத்த கருத்துக்கணிப்பில் பெரும்பாலானோர் சென்டினல் பயனுள்ளதாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் தேடல் வசதியைப் பயன்படுத்தியவர்களில் 42 சதவீதம் பேர்தான், வேண்டியது அடிக்கடி கிடைக்கிறது என்றார்கள். பழைய அமைப்பின் பெரிய குறையே தேடல்தானே! 670 ஸ்டோரிகளை முடிப்பதும், அடிப்படைப் பிரச்சினையைத் தீர்ப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

நான்கு, பெயரை மட்டும் மாற்றினால் பலன் இல்லை. 2013 அக்டோபர் 1 அன்று தொடங்கிய அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் நல்ல உதாரணம். பல நிறுவனங்கள் தனித்தனியாகச் செய்த பகுதிகளை இணைத்து முழுமையாகச் சோதிப்பது, தொடங்குவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஆரம்பமானது. இதை ஒப்பந்த நிறுவனங்களின் பிரதிநிதிகளே நாடாளுமன்ற விசாரணையில் சொன்னார்கள். முதல் நாள் அந்தத் தளம் வழியாகப் பதிவை முழுசா முடித்தவர்கள் வெறும் ஆறு பேர். உள்ளே எத்தனை ஸ்பிரின்ட் ஓடியிருந்தாலும், இணைத்துப் பார்ப்பதைக் கடைசிக்குத் தள்ளினால் அது வாட்டர்ஃபால்தான்.

வாட்டர்ஃபால் செத்துப்போச்சா?

இல்லை. தேவை நிலையாக, தெளிவாக இருக்கும் இடத்தில், பின்னால் மாற்றுவது மிகவும் செலவு பிடிக்கும் இடத்தில், முன்கூட்டியே விரிவாகத் திட்டமிடுவதுதான் சரி. விமானக் கட்டுப்பாட்டுக் கருவியையோ, உடலுக்குள் பொருத்தும் மருத்துவச் சாதனத்தையோ ஓட்டும் மென்பொருளை, 'முதலில் வெளியிடுவோம், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று கொடுக்க முடியாது. அங்கே ஒவ்வொரு தேவைக்கும் சோதனைக்கும் எழுத்துபூர்வமான ஆதாரம் வேண்டும்.

பல பெரிய திட்டங்களில் இரண்டும் கலந்தே நடக்கிறது. பாதுகாப்பு, தரவு அமைப்பு போன்ற அடித்தளங்களை முன்பே கவனமாகத் திட்டமிடுவார்கள். பயனாளி பார்க்கும் பகுதிகளைச் சின்னச் சின்னதாகச் செய்து காட்டுவார்கள். எது எவ்வளவு என்பது, எந்தத் தப்பு எவ்வளவு விலை வைக்கும் என்பதைப் பொறுத்தது.

உங்க ஆபீஸில் என்ன கேட்கலாம்?

தினமும் காலையில் 15 நிமிடம் நின்றுகொண்டு ஸ்டாண்ட்-அப் மீட்டிங் நடப்பதால் மட்டுமே ஒரு குழு அஜைல் ஆகிவிடாது. நீங்கள் கோடிங் எழுதுபவராக இருந்தாலும், டெஸ்டிங் செய்பவராக இருந்தாலும், வெறுமனே அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் துறையில் இருந்தாலும், இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. பயன்படுத்தப் போகிறவர் ஓடும் மென்பொருளைக் கடைசியாக எப்போது பார்த்தார்? பிபிடி ஸ்லைடு கணக்கில் வராது.

2. எல்லாப் பகுதிகளையும் இணைத்து ஓட்டிப் பார்க்கும் முதல் தேதி எது? அது வெளியீட்டுத் தேதிக்குப் பக்கத்தில் இருந்தால் கவலைப்பட வேண்டும்.

3. 'முடிந்தது' என்பதற்கு எல்லோரும் ஒரே அர்த்தம் வைத்திருக்கிறார்களா? சோதிக்காததும் அந்தக் கணக்கில் சேர்கிறதா?

4. முடியாத வேலை எங்கே போகிறது? அடுத்த கட்டத்துக்குத் தள்ளப்படும் பட்டியல் நீண்டுகொண்டே போகிறதா?

5. புதியது ஓடவில்லை என்றால் பழையதுக்குத் திரும்ப முடியுமா? முடியும் என்றால், அதை யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா?

வி.சி.எஃப். காலத்தில் எஃப்.பி.ஐ.யில் இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குத் திருப்தியான பதில் இருந்திருக்காது. கேள்விகளைக் கேட்பதற்குச் செலவும் கிடையாது. அங்கே பதில் தெரியவந்தபோது கணக்கில் 17 கோடி டாலர் குறைந்திருந்தது.